எங்க பட்டம் எங்கேர்ந்து வந்துச்சு?

போன தை மாசக் கடைசி. சம்பா அறுவடை முடிஞ்சு, வைக்கோல் கட்டெல்லாம் ஏத்தி அனுப்பிட்டு, வயல்ல உளுந்து ரெண்டு இலை விட்டிருந்த நேரம். சென்னையில வேலை பார்க்கிற என் மகள் போன் பண்ணினாள். "அப்பா, ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு தோணுச்சு" என்றாள்.

நான் கேட்ட முதல் கேள்வியை இங்கே எழுதக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு. "எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை?" அவளுக்குத் தெரியும் நான் எதைக் கேட்கிறேன்னு. "நம்ம ஆளுங்கதாம்பா. பட்டுக்கோட்டை பக்கம்" என்றாள். போனை வெச்சதும் என் வீட்டுக்காரி சாமி மாடத்துல விளக்கேத்தினாள். நானும் ஒரு பெருமூச்சு விட்டேன். அந்தப் பெருமூச்சைப் பத்தி நீங்க என்ன நினைச்சாலும் சரி, நடந்ததைத்தானே சொல்லணும்.

அந்த நிம்மதி ரெண்டு நாள்தான். எங்க பெரியப்பாவுக்கு வயசு தொண்ணூறு நெருங்குது. எங்க வகையறாவுல மூத்தவர் அவர்தான். அவர்கிட்ட சொல்லாம எங்க வீட்டுல ஒரு காரியமும் நடக்காது. திண்ணையில உக்காந்து வெத்தலைக்கு நரம்பு கிள்ளிக்கிட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். தலையாட்டிக்கிட்டே கேட்டார், "என்ன பட்டம்?"

"காலிங்கராயர்."

வெத்தலையை அப்படியே தட்டுல வெச்சுட்டார். "ஏண்டா, நாமளும் காலிங்கராயர்தானே. அப்ப பங்காளிடா அவங்க. அண்ணன் தங்கச்சிக்கா கல்யாணம் பண்ணப் போற?"

பட்டணத்துல இருக்கிற உங்களுக்கு இது புரியறதுக்குக் கொஞ்சம் விளக்கம் வேணும். தமிழ்நாட்டுல குடும்பப் பேர் கிடையாது, அப்பா பேரோட முதல் எழுத்துதான்னு பொதுவா சொல்வாங்க. பள்ளிக்கூடச் சான்றிதழ்ல, ஆதார் அட்டையில பார்த்தா அது சரிதான். ஆனா தஞ்சாவூர் பக்கத்துக் கள்ளர் சமூகத்துல, நான் பிறந்ததும் அதுலதான், ஒவ்வொரு வகையறாவுக்கும் பட்டம்னு ஒண்ணு உண்டு. வாண்டையார், மழவராயர், சேதுராயர், சோழகர், கண்டியர், நாட்டார், மன்றாயர்னு நூத்துக்கணக்குல இருக்கு. அப்பா பட்டம் பிள்ளைக்கு வரும். பொண்ணுக்குக் கல்யாணம் ஆனா புருஷன் வீட்டுப் பட்டம். ஒரே பட்டம் உள்ளவங்க பங்காளிங்க, கொடுக்கல் வாங்கல் கிடையாது. வேற பட்டம்னாத்தான் மாமன் மச்சான். கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தீங்கன்னா பேருக்குப் பின்னாடி தவறாம பட்டம் இருக்கும். ரெஜிஸ்டர் ஆபீசுக்குத் தெரியாத எங்க குடும்பப் பேர் பிரஸ்காரருக்குத் தெரியும்.

1929ல செங்கல்பட்டுல நடந்த சுயமரியாதை மாநாட்டுல, பேருக்குப் பின்னாடி இருக்கிற சாதிப் பட்டத்தையெல்லாம் விட்டுடணும்னு தீர்மானம் போட்டாங்க. நிறையப் பேர் விட்டாங்க. எங்க ஊர்லயும் கறுப்புச் சட்டை போட்டவங்க இருந்தாங்க, கையெழுத்துல பட்டம் போட மாட்டாங்க. ஆனா பொண்ணு மாப்பிள்ளை பார்க்கிறப்ப அவங்க வீட்டுலயும் முதல் கேள்வி இதுதான்.

மகளுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "வேற சாதியா இருந்தா எதிர்ப்பீங்கன்னு பயந்துக்கிட்டிருந்தேன். ஒரே சாதியா இருந்தும் தப்பாப்பா? வேணும்னா ஜீன் டெஸ்ட் எடுத்துடலாமா?" என்றாள். சிரிக்கிறாளா அழறாளான்னு போன்ல தெரியல. அந்தப் பையன் ஒருநாள் பேசினான். என்னை என்ன முறை சொல்லிக் கூப்பிடறதுன்னு அவனுக்கும் தெரியல. மாமான்னா பெரியப்பாவுக்கு ஆகாது. பெரியப்பான்னு கூப்பிட்டா அவன் கதையே முடிஞ்சுது. "சார்" என்றே பேசி முடிச்சான்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. பங்காளி, பங்காளின்னு சொல்றோமே, நிஜமாவே எங்க ரெண்டு வீட்டுக்கும் ஒரே பாட்டனா? அதைக் கண்டுபிடிச்சுடறதுன்னு முடிவு பண்ணினேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிச்சவன். கல்வெட்டு படிக்கத் தெரியாது. ஆனா பத்திரம் படிப்பேன். வரப்புத் தகராறு உள்ள எந்த விவசாயியும் பத்திரம் படிக்கக் கத்துக்கிட்டுத்தான் ஆகணும்.

முதல்ல பையன் வீட்டுக்கே போனேன். சம்பந்தம் பேச இல்ல, சும்மா விசாரிக்க வந்தேன்னு சொன்னேன். பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே, தென்னந்தோப்புக்கு நடுவுல வீடு. தோப்புன்னு சொல்றது பழக்கத்துல. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா அடிச்சதுல அவங்க தென்னை பாதிக்கு மேல சாஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் வெச்ச கன்னுதான் இப்பப் பாளை விட ஆரம்பிச்சிருக்கு. பையனோட அப்பா நல்ல மனுஷன். பழைய பத்திரம் ஏதாவது இருக்கான்னு கேட்டேன். ஓடு பறந்த அன்னைக்கு டிரங்குப் பெட்டியோட நனைஞ்சுபோச்சு என்றார். யு.டி.ஆர். பட்டா மட்டும்தான் மிச்சம். அதுக்கு நாப்பது வயசுகூட நெருக்கிப்பிடிச்சாத்தான் ஆகும்.

குலசாமி எதுன்னு கேட்டேன். அவங்களுக்கு வீரனார். எங்களுக்கு ஏரிக்கரை ஐயனாரும் கருப்பும். பங்காளின்னா குலசாமி ஒண்ணா இருக்கணும், அதுதான் வழக்கம். அவங்க வீட்டுப் பெரியவங்க சொல்றது, ஏழு தலைமுறைக்கு முன்னாடி காவேரிக் கரையிலேர்ந்து வந்தாங்களாம். எங்க வீட்டுல அப்படி ஒரு கதையே கிடையாது. நாங்க எப்பவும் இங்கதான் இருந்தோம்னு சொல்வாங்க. அது எவ்வளவு தூரம் உண்மைங்கிறதைப் பின்னாடி சொல்றேன்.

திரும்பி வரும்போது புதாத்துப் பாலத்துல கொஞ்ச நேரம் நின்னேன். கல்லணைக் கால்வாயைத்தான் எங்க பக்கம் புது ஆறுன்னு சொல்வோம். மேட்டூர் அணையோட சேர்த்து 1934ல வந்த ஆறு. அதுக்கு முன்னாடி ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கமெல்லாம் ஏரித் தண்ணியும் மழையும்தான். தண்ணி வந்ததும் ஆள் வந்திருக்கு, நிலம் கைமாறியிருக்கு. எப்பவும் இங்கதான் இருந்தோம்னு சொல்ற எந்தக் குடும்பத்தையும் நம்பறதுக்கு முன்னாடி இந்த ஆத்தை ஒரு தடவை நினைச்சுப் பார்க்கணும்.

அடுத்து தஞ்சாவூர்ல ஓய்வு பெற்ற ஒரு தமிழாசிரியரைப் பார்த்தேன். வீடு முழுக்கக் கல்வெட்டுத் தொகுதி. அவர்கிட்டதான் ந.மு. வேங்கடசாமி நாட்டார் எழுதின 'கள்ளர் சரித்திரம்' இருந்துச்சு. 1923ல வந்த புத்தகம். நாட்டாரும் நடுக்காவேரிக்காரர்தான், எங்க ஜில்லா. அவர் பேர்ல இருக்கிற நாட்டாரே பட்டம்தான். எங்க பட்டத்தையெல்லாம் அகரவரிசையில அடுக்கியிருக்கார். விரலை வெச்சு ஓட்டிக்கிட்டே வந்தேன், காலிங்கராயர் இருந்துச்சு. சொன்னா சிரிப்பீங்க, சொந்தக்காரங்களைக் கூட்டத்துல பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம்.

ஆசிரியர் அந்த சந்தோஷத்தை ரொம்ப நேரம் விட்டுவைக்கல. "காலிங்கராயர்ங்கிறது குடும்பப் பேரா ஆரம்பிக்கல தம்பி. அது ராஜா கொடுத்த விருது" என்றார். கலிங்கம்னா இன்னைக்கு ஒடிசாவும் ஆந்திராவோட வடபகுதியும். முதலாம் குலோத்துங்கன் காலத்துல சோழப்படை அங்கே போய் ஜெயிச்சுது. 'கலிங்கத்துப்பரணி' பாடினது அந்தப் போரைத்தான். ராயன்னா அரையன், ராஜா. அந்தக் காலத்துல சோழ ராஜாவுக்குக் கீழே இருந்த பெரிய அதிகாரிகளுக்கு இப்படிப் பேர் கொடுக்கிறது வழக்கம். பல்லவராயன், மழவராயன், காலிங்கராயன், மூவேந்தவேளான். இன்னைக்கு கலெக்டர், தாசில்தார்னு சொல்ற மாதிரி வெச்சுக்கலாம், ஆனா சாகிற வரைக்கும் கூடவே வரும்.

கல்வெட்டுல ரொம்பப் பேர் பெற்ற காலிங்கராயன் யாருன்னா, மணவில் கூத்தன்ங்கிறவர். குலோத்துங்கன்கிட்டயும் அவர் மகன் விக்கிரம சோழன்கிட்டயும் படைத்தலைவரா இருந்தவர். நரலோகவீரன்னும் சொல்வாங்க. இன்னைக்கு கணக்குப் போட்டா 900 வருஷம். சிதம்பரம் கோயில்ல நூத்துக்கால் மண்டபம் அவர் கட்டினது. தேவாரத்தைச் செப்பேட்டுல எழுதிவெச்சதும் அவர்தான்னு சிதம்பரத்துக் கல்வெட்டுப் பாட்டுல இருக்கு. சரி, நம்ம பாட்டன் இவர்தான் போலிருக்குன்னு நான் நிமிர்ந்து உக்காந்தேன். "அவர் தொண்டை மண்டலத்துக்காரர். கல்வெட்டுல அவர் பேர் அரும்பாக்கிழான்னு வருது. கிழான்னா நிலத்துக்குச் சொந்தக்காரன். உங்க ஊருக்கும் அவருக்கும் சம்பந்தமில்ல" என்று என்னை மறுபடியும் உக்காரவெச்சார்.

இதே மாதிரி பல்லவராயனும். மாயவரம் பக்கத்துல பல்லவராயன்பேட்டைன்னு ஊர் இருக்கு. அங்கே உள்ள கல்வெட்டுல வர்ற பல்லவராயரும் தொண்டை மண்டலத்து அதிகாரிதான். சோழ வம்சத்துச் சின்னப் பிள்ளைகளைக் காப்பாத்தி, இரண்டாம் ராஜாதிராஜனுக்குப் பட்டம் கட்டினவர். ஆனா பல்லவராயர்ங்கிற பட்டம் எங்க ஆளுங்ககிட்டயும் இருக்கு.

இதைவிட வேடிக்கை ஒண்ணு சொன்னார். மதுரையில பாண்டிய ராஜாக்கள் உக்கார்ற அரியணைக்கே பேர் உண்டாம். ஒண்ணுக்கு மழவராயன், இன்னொண்ணுக்குக் காலிங்கராயன். "மழவராயன்ல எழுந்தருளியிருந்து" ராஜா இன்ன உத்தரவு போட்டார்னு கல்வெட்டுல வருமாம். ஆக எங்க பட்டம் மனுஷனுக்கு மட்டுமில்ல, நாற்காலிக்கும் இருந்திருக்கு. பங்காளிக் கணக்குல அந்த நாற்காலியைச் சேர்க்கிறதா வேண்டாமான்னு பெரியப்பாவைக் கேட்கணும்னு நினைச்சுக்கிட்டேன். கேட்கல.

நொபொரு கராஷிமான்னு ஒரு ஜப்பான்காரர், எ. சுப்பராயலு, இன்னொரு ஜப்பான்காரர் மட்சுய், மூணு பேரும் சோழர் கல்வெட்டுல வர்ற ஆள் பேரையெல்லாம் தொகுத்து 1978ல மூணு தொகுதியா போட்டிருக்காங்களாம். ஆயிரக்கணக்கான பேர். ஆசிரியர் அதைப் பத்திச் சொன்னப்ப எனக்கு ஒண்ணு தோணுச்சு. கல்வெட்டுல பேர் ஏறினவன் யாரு? நிலம் வித்தவன், வாங்கினவன், கோயிலுக்கு எழுதிவெச்சவன், வரி வாங்கினவன். எங்க வயல்ல முப்பது வருஷம் நடவு நட்ட ஒரு அம்மா இருந்தாங்க. போன வருஷம் தவறிட்டாங்க. அவங்க முன்னோரும் இதே மண்ணுல 900 வருஷமா இருந்திருப்பாங்கதான். அவங்களுக்கு யாரும் பட்டம் கொடுக்கல, கல்லுலயும் வெட்டல. நாங்க எல்லாரும் ராஜா வீட்டுப் பிள்ளைங்கன்னா ஏர் ஓட்டினது யாருங்கிற கேள்வி ஒண்ணு மிச்சம் இருக்கு.

மாசி மாசம் ஈரோட்டுல இருக்கிற மச்சான் வீட்டுக்குப் போகவேண்டி வந்துச்சு. "உங்க பேர்ல இங்க ஒரு வாய்க்காலே ஓடுது மச்சான், பாக்கலியா?" என்று பவானிக்குக் கூட்டிக்கிட்டுப் போனார். பவானி ஆறு காவேரியில சேர்ற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி அணை. அங்கேர்ந்து காலிங்கராயன் வாய்க்கால் கிளம்பி, ஈரோடு வழியா கொடுமுடி பக்கம் வரைக்கும் 90 கிலோமீட்டர் போகுது. பாம்பு போற மாதிரி வளைஞ்சு வளைஞ்சுதான் போகும். நேரா வெட்டியிருந்தா தண்ணி ஓடிப்போயிடும், வளைச்சு விட்டதால நின்னு நிதானமா ரெண்டு பக்கமும் பாஞ்சுக்கிட்டே போகுது. 15,000 ஏக்கருக்கு மேல பாசனம். மஞ்சள், கரும்பு, வாழை, நெல்லு. 1283ல வெட்டி முடிச்சதா சொல்றாங்க. எங்க கல்லணைக் கால்வாய்க்கு இன்னும் நூறு வயசே ஆகல. இது 700 வருஷத்தைத் தாண்டியும் ஓடுது. விவசாயி கண்ணுக்கு இதுதான் சரித்திரம். நான் செருப்பைக் கழட்டிட்டுக் கரையில உக்காந்து கால் நனைச்சேன்.

வாய்க்கால் வெட்டின காலிங்கராயன், அந்தப் பக்கத்து வெள்ளோட்டுக்காரர். கொங்கு வேளாளர்ல சாத்தந்தை கூட்டம். பாண்டியர்கிட்ட அதிகாரியா இருந்து இந்தப் பட்டத்தை வாங்கினவர். அவரைப் பத்தி அங்கே ஒரு கதை சொன்னாங்க. சொந்த நிலத்துக்குத் தண்ணி கொண்டுபோகத்தான் இத்தனை பாடுபடறான்னு யாரோ பேசினாங்களாம். அதைக் கேட்டு, நானும் என் வம்சமும் இந்த வாய்க்கால் தண்ணியைத் தொடமாட்டோம்னு சொல்லிட்டு பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்கே குடிபோயிட்டாராம். கதைதான். ஆனா அந்த வம்சம் ஊத்துக்குளி ஜமீனா இருந்தது நிஜம்.

மஞ்சக் காட்டுக்குத் தண்ணி கட்டிக்கிட்டிருந்த ஒரு பெரியவர்கிட்ட, "நானும் காலிங்கராயர்தாங்க" என்றேன். மனுஷன் மம்பட்டியை நட்டுட்டு ஆசையா வந்தார். "அப்படீங்களா, நீங்களும் சாத்தந்தை கூட்டமுங்களா?" நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் வாடிப்போச்சு. ஆனாலும், "அங்கயும் ஒரே கூட்டத்துல பொண்ணு எடுக்க மாட்டீங்களா? இங்கயும் அப்படித்தானுங்க" என்று சொல்லி ஒரு இளநி வெட்டிக் கொடுத்தார்.

ஊருக்கு வந்ததும் பெரியப்பாகிட்ட என் கட்சியை எடுத்து வெச்சேன். ஒரே பட்டம் வேற வேற ஊர்ல, வேற வேற ராஜா, வேற வேற ஆளுக்குக் கொடுத்தது. ஈரோட்டுக் காலிங்கராயன் நமக்குப் பங்காளி இல்லன்னா, பட்டுக்கோட்டைக் காலிங்கராயர் மட்டும் எப்படிப் பங்காளி ஆவார்? அவர் அசையல. "அவங்க வேற சனம்டா. இவன் நம்ம சனம். நம்ம சனத்துல ஒரே பட்டம்னா ஒரே ரத்தம்தான்."

"அப்பா செத்தப்ப அவங்க வீட்டுலேர்ந்து யாராவது வந்து மொட்டை போட்டாங்களா? அவங்க வீட்டுச் சாவுக்கு நாம தீட்டு காத்தோமா? கருமாதிக்குச் சேதியாவது வந்துச்சா?"

இதுக்கு அவர் பதில் சொல்லல. எங்க பக்கம் பங்காளின்னா அடையாளமே அதுதான். சொத்துல பங்கு இருக்கோ இல்லையோ, தீட்டுல பங்கு உண்டு. பெரியப்பா எழுந்து உள்ளே போயிட்டார். ஜெயிச்சுட்டோம்னு எனக்குத் தோணல. வயசான மனுஷனை எதுக்கு இப்படி மடக்கினோம்னுதான் இருந்துச்சு.

ஆனா தேடறதை நிறுத்தல. எங்க வீட்டு டிரங்குப் பெட்டியில 1958ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கு. எங்க தாத்தாவும் அவர் தம்பியும் நிலம் பிரிச்சுக்கிட்டது. அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கேன், வரப்புக்கணக்குக்காக. இந்தத் தடவை முதல் பக்கத்தை நிதானமாப் படிச்சேன். இந்தச் சொத்து நம்ம தகப்பனாருக்கு 1927ஆம் வருஷத்து செட்டில்மெண்ட் பத்திரப்படி வந்ததுன்னு நம்பர் போட்டு ஒரு வரி. அந்தப் பத்திரத்தை நான் பார்த்ததே இல்ல. சார்பதிவாளர் ஆபீஸ்ல மனு போட்டேன். நம்பர் தெரிஞ்சா பழைய பத்திரத்துக்கு நகல் கொடுப்பாங்க, நீங்களும் உங்க ஊர்ல முயற்சி பண்ணிப் பார்க்கலாம். நாலஞ்சு தடவை நடந்ததுக்கப்புறம் கைக்கு வந்துச்சு. கையெழுத்துப் பிரதியோட நகல். மசி பரவி, பாதி எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி.

டீக்கடை பெஞ்சுல உக்காந்தே படிச்சேன். எழுதிக்கொடுத்தவர் ஒரு காலிங்கராயர். ஆண் வாரிசு இல்லாதவர். ஒரே மகள். வீட்டோட வந்து இருபது வருஷத்துக்கு மேல தன்னைப் பராமரிச்சு, சாகுபடி பார்த்துக்கிட்டு வர்ற மருமகனுக்கும் மகளுக்கும் ஒன்பது மா நிலத்தை எழுதிவெக்கிறார். மூணு ஏக்கர். இன்னைக்கு நான் உளுந்து போட்டிருக்கிற வயலும் அதுல அடக்கம். அந்த மருமகன்தான் என் கொள்ளுத்தாத்தா. அவர் பேருக்கு முன்னாடி அவங்க அப்பா பேர், அதோட பட்டம். காலிங்கராயர் இல்ல. மழவராயர் குமாரர்.

டீ ஆறிப்போச்சு.

எங்க கொள்ளுத்தாத்தா வீட்டோட மாப்பிள்ளையா வந்தவர். மாமனார் நிலத்தோட மாமனார் பட்டமும் எங்களுக்கு வந்திருக்கு. 1927ல மழவராயர் மகன், 1958ல அவர் பிள்ளைங்க காலிங்கராயர். அப்படிப் பார்த்தா ஆண்வழியில நாங்க காலிங்கராயரே இல்ல. இதுல இன்னொரு இடி. என் அம்மா பிறந்த வீடு மழவராயர்! பட்டம்தான் ரத்தம்னு வெச்சுக்கிட்டா என் அப்பாவும் அம்மாவும் பங்காளிங்க. அண்ணன் தங்கச்சி முறை. நாங்க நாலு பிள்ளைங்க பிறந்து, வளர்ந்து, இப்பப் பேரன் பேத்தி வரைக்கும் எடுத்தாச்சு. அரியலூர்ப் பாளையக்காரரும் மழவராயர்தான், அவங்க வேற சமூகம். அதனால என் அம்மா வீட்டு மழவராயரும் கொள்ளுத்தாத்தா வீட்டு மழவராயரும் ஒண்ணுன்னு சொல்லிட முடியாதுதான். ஆனா அந்தச் சலுகையை எங்களுக்கு மட்டும் எடுத்துக்கிட்டு, அந்தப் பட்டுக்கோட்டைப் பையனுக்குக் கொடுக்க மாட்டோம்னா எப்படி?

நகலை எடுத்துக்கிட்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். சத்தமா படிச்சுக் காட்டலாம்னுதான் போனேன். கதவுகிட்ட அவரைப் பார்த்ததும் மனசு வரல. பக்கத்துல உக்காந்து, மெதுவா, "பெரியப்பா, நம்ம தாத்தாவோட அப்பா எந்த ஊருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

என் கையில இருந்த காகிதத்தைப் பார்த்தார். கண் சரியா தெரியாது அவருக்கு. ஆனா என்னன்னு புரிஞ்சுபோச்சு. "எடுத்துட்டியா" என்றார். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கிட்டிருந்தார்.

அப்புறம் அவரே சொன்னார். "உங்கம்மாவைப் பொண்ணு பாக்கப் போனப்ப எங்கம்மாவுக்கு, அதான் உங்க அப்பாயிக்கு, மனசுல ஒரு இது இருந்துச்சு. மழவராயர் வீடாச்சேன்னு. எங்கப்பாதான் ஒரே வார்த்தையில அடக்கிட்டாரு. 'மண்ணு யாரு கொடுத்தாங்களோ அவங்க பேருதான் நமக்கு. போய் தட்டை மாத்திட்டு வாங்க'ன்னாரு. அதுக்கப்புறம் அதைப் பத்தி யாரும் பேசினதில்ல. வீட்டோட மாப்பிள்ளை பேரன்னு ஊர்ல யாரும் சொல்லிடக்கூடாதுன்னு எங்கப்பாவுக்கு ஒரு வீம்பு. கோயில்ல தலைக்கட்டு வரி எழுதறப்பகூட காலிங்கராயர்னு அழுத்திச் சொல்லித்தான் எழுதச்சொல்வாரு. நான் சின்னப்பய, பக்கத்துல நிப்பேன்."

எனக்கு அப்பத்தான் விளங்குச்சு, இந்தப் பட்டத்தை இவர் ஏன் இவ்வளவு இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருந்தார்னு. பொறந்தப்பவே தன்னோடதா இருந்த பொருளை யாரும் அப்படிப் பிடிக்கிறதில்ல. வந்த பொருளைத்தான் பிடிப்பாங்க. நானும் தப்பு பண்ணியிருக்கேன். எண்பது வருஷமா அவர் மூடிவெச்சிருந்ததை ஒரு மனுப் போட்டு வெளியே எடுத்துட்டேன்.

"மண்ணு கொடுத்தவங்க பேர்தான் நமக்குன்னா, அந்தப் பட்டுக்கோட்டைக்காரங்க மண்ணு வேற, நம்ம மண்ணு வேறதானே பெரியப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

பதில் இல்ல. நான் கிளம்பற நேரத்துல, "குலசாமி வேறன்னா சொன்னே?" என்றார். ஆமாம்னேன். "சரி, ஐயனாருக்கு ஒரு பொங்கல் வெச்சுட்டு ஆகவேண்டியதைப் பாரு" என்றார்.

ஊர்ல பேசாமலில்ல. ஒண்ணுவிட்ட சித்தப்பா ஒருத்தர் இன்னும் முகம் கொடுத்துப் பேசறதில்ல. கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு சொல்லியிருக்கார். அவர்கிட்ட 1927 பத்திரத்தைப் பத்தி நான் சொல்லல. பெரியப்பா இருக்கிற வரைக்கும் ஊர்ல சொல்றதா இல்ல. இங்கே எழுதறதுக்கு அவர்கிட்ட அனுமதி வாங்கினேன். "பட்டணத்துக்காரங்கதானே படிப்பாங்க, எழுதிக்க" என்றார். என் மகளுக்கு மட்டும் அன்னைக்கே எல்லாத்தையும் சொன்னேன். அவள் கேட்டுட்டு, "அப்ப எனக்குக் கல்யாணம் ஆனாலும் பட்டம் மாத்தவேண்டிய வேலை இல்லப்பா" என்றாள்.

ஆவணியில முகூர்த்தம். பத்திரிகை மாதிரி அடிச்சு வந்திருந்துச்சு. ரெண்டு வீட்டுலயும் பேசி, யார் பேருக்குப் பின்னாடியும் பட்டம் வேண்டாம்னு முடிவு பண்ணியிருந்தோம். ஒரே பட்டத்தை ரெண்டு பக்கமும் பார்த்தா வர்றவங்க பந்தியில உக்காந்து அதைத்தான் பேசுவாங்க. பிரஸ்காரர் ரெண்டு தடவை போன் பண்ணிக் கேட்டார், "விட்டுப்போச்சா அண்ணே, வேணும்னே விட்டதா?"

மாதிரியை முதல்ல பெரியப்பாகிட்டதான் கொண்டுபோனேன். பேரனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். அவன் படிச்சு முடிச்சதும் காகிதத்தைக் கையில வாங்கி, தன் பேர் எங்கே இருக்குன்னு கேட்டு, விரலை வெச்சுத் தடவிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் எடுத்துட்டியா?"

"ஆமாம் பெரியப்பா."

"என் பேருக்கு மட்டும் போட்டுடு."

போட்டாச்சு. முந்தாநாள் ஐநூறு பத்திரிகை கட்டு கட்டா வந்து இறங்கியிருக்கு. ஏழெட்டுப் பெரியவங்க பேர் வரிசையா இருக்கிற இடத்துல, முதல் பேருக்குப் பின்னாடி மட்டும் காலிங்கராயர்.